செல்வி சொன்னால் சாம்பார் இறங்கும்

மலையாள ஊருக்குள் தமிழ் பேசுகிற 'சாலை' என்னும் கடைத்தெருவில் கடிகாரம் மாட்டாத கடை கிடையாது. அதைப் பார்த்து வேலை செய்கிற ஆளும் கிடையாது. தலையில் உள்ளி மூட்டை சுமப்பவன் அண்ணாந்து எதைப் பார்ப்பான்? மாவுக்குள் கைவிட்டவள் போனை எப்படித் தொடுவாள்? அந்தத் தெருவுக்கு விடிகாலையில் மணி சொல்வது கிள்ளி எஃப்.எம்.மில் வருகிற 'வெள்ளாப்பு' நிகழ்ச்சிதான். ஆறு மணிக்குத் தொடங்கி எட்டு மணிக்கு முடியும். தமிழில் நடத்துகிறவள் பொன்செல்வி.

நிகழ்ச்சி என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். நடிகர் பேட்டி கிடையாது, பரிசுப் போட்டி கிடையாது. முதலில் 'எந்திரி மக்கா'. எந்த வீட்டில் எவன் போர்வையை விட மாட்டேன் என்கிறானோ, அவன் பெயரைச் சொல்லி ஊரறிய எழுப்புவாள். வீட்டுக்காரிகள் முந்தின நாளே பெயரைச் சொல்லிவைத்துவிடுவார்கள். மானம் போன பிறகு எவனுக்குத் தூக்கம் வரும்? அடுத்து 'சாலை விலை'. தக்காளி ஏறியதா, சின்ன உள்ளி இறங்கியதா என்பது அதில் தெரிந்துவிடும். பிறகு 'தண்ணி உண்டா?'. எந்தத் தெருக் குழாயில் தண்ணீர் வந்திருக்கிறது, எவ்வளவு நேரம் வரும் என்று வால்வு திறக்கிறவரிடமே கேட்டுச் சொல்வாள். அது முடிந்தால் 'வண்டி வந்தாச்சா', தம்பானூர் ரயிலும் பொன்முடி பஸ்ஸும். அப்புறம் 'பின்னல் பாட்டு'. பள்ளிக்கூடம் போகிற பெண்பிள்ளைகளுக்கு ரெட்டைச் சடை பின்னி முடிக்கிற நீளத்துக்கு ஒரு பாட்டு. கடைசியில் 'பிறந்தநாள் பாயசம்'. வாழ்த்துச் சொல்லி முடித்தால் எட்டு மணி.

நாலு வருஷமாக வரிசை மாறியதில்லை. செல்வி அதற்கு முன்னால் ஒரு ஜவுளிக்கடை வாசலில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "வாங்கம்மா, வாங்கக்கா, ஆடித் தள்ளுபடி" என்று நின்றவள். அந்தக் குரலைத் தெருவில் போகும்போது கேட்டுத்தான் ரேடியோக்காரர்கள் கூட்டிப்போனார்கள். சிபாரிசு ஒன்றும் இல்லை.

அவளுடைய வீட்டுக்காரன் உச்சிமாகாளி திசையன்விளைப் பக்கத்து ஆள். சாலையிலிருந்து தம்பானூருக்குப் போகிற வழியில் நீலகண்ட பிள்ளையின் டிபன் ஹோட்டலில் தோசை மாஸ்டர். நாலரை மணிக்கே அடுப்படிக்கு வந்துவிடுவான். அங்கே அலமாரியில் எண்ணெய் படிந்த ஒரு ரேடியோ இருக்கிறது. 'எந்திரி மக்கா' வந்தால் மாகாளி கல்லைக் காயப் போடுவான். விலை சொல்லும்போது சாம்பார் போடுகிற வன்னியராஜ் பருப்பை மசிப்பான். 'தண்ணி உண்டா?' என்றால் பிள்ளை எழுந்து மோட்டாரைப் போடுவார், சாம்பார் அடுப்பிலிருந்து இறங்கும். 'வண்டி வந்தாச்சா'வுக்கு நாகர்கோவில் பாசஞ்சர் பிடிக்கிறவர்கள் கடைசி மடக்குக் காப்பியைக் குடித்துவிட்டு ஓடுவார்கள். பாயசம் வந்தால் மாகாளி தீயைக் குறைத்துக் கல்லைத் தேய்த்துக் கழுவி, ஆபீஸ்காரர்களுக்கு நெய் ரோஸ்ட் போடத் தயாராவான்.

"லே மாகாளி, ஒனக்க பொண்டாட்டி வாயைத் தொறந்தாத்தான் ஒனக்க கல்லுல மாவு விழும், என்னடே?" என்பார் பிள்ளை. அவர் நாஞ்சில் நாட்டுக்காரர். கிண்டல் செய்யாமல் அவருக்குக் காலையில் காப்பி இறங்காது.

"ஒமக்கு மட்டும் என்னவாம்? அவ சொல்லாம மோட்டார் சுவிட்சைத் தொடுவீரா?" என்று மாகாளி திருப்பிக் கொடுப்பான். மூஞ்சியில் ஒன்றும் காட்டிக்கொள்ள மாட்டான். ஆனால் அவள் குரல் வருகிற நேரத்தில் அடுப்படியில் எவனாவது பாத்திரத்தை உருட்டினால் அன்றைக்கு அவனுக்கு நல்ல வசவு உண்டு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், மரச்சீனிக் கிழங்கும் நெத்திலிக் குழம்பும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது செல்வி விஷயத்தைச் சொன்னாள்.

"ஏங்க, நாளையிலேர்ந்து வெள்ளாப்பு மாறுது."

"என்ன மாறுது?"

"வரிசை. பொறந்தநாளு மொதல்ல. பொறவு சினிமாப் பாட்டு. வெலை, தண்ணி எல்லாம் ஏழரை தாண்டித்தான். நடுவுல மணி சொல்லவும் வேண்டாமாம். எல்லார் கையிலயும் போன் இருக்குல்லா, பின்னே எதுக்குன்னு கேக்காரு அனூப் சார்."

"அது யாரு?"

"புதுசா திருச்சூர்லேர்ந்து மேனேஜரா வந்திருக்காரு. கெட்ட மனுசன்னு சொல்ல முடியாது. கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டுதாரு. மலையாள ஷோவுக்குப் போன் வந்து குமியுது. நமக்கு மூணோ நாலோ. அதுவும் பொறந்தநாளுக்குத்தான். 'செல்வி, ஆரும் விளிக்கில்லெங்கில் ஆரும் கேக்குன்னில்லா, அத்றே உள்ளு'ங்காரு. யாரும் கூப்பிடலைன்னா யாரும் கேக்கலைன்னு கணக்காம்."

மாகாளி உருட்டிய கவளத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டான். "கேக்கலையா? சாலை முழுக்க ஒன் வாயைப் பாத்துல்லா நிக்கி!"

"இந்த ஒரு வாரம் பாப்பாராம். போன் கூடலைன்னா அடுத்த மாசம் வெள்ளாப்பு கெடையாது. மலையாள ஷோவுக்கு நடுவுல அஞ்சு நிமிசம் தமிழ்ல வாழ்த்துச் சொல்லிட்டுப் போவணும்."

"அஞ்சு நிமிசமா?"

"ஆமா." செல்வி குழம்புச் சட்டியை வழித்தாள். பிறகு அவனைப் பார்க்காமலே கேட்டாள். "நாலு வருசத்துல நீங்க ஒரு நாளாவது விளிச்சிருக்கீங்களா?"

"ஏட்டி, கல்லு முன்னால நின்னுக்கிட்டு எப்படி விளிக்க? கையெல்லாம் மாவு."

"அதத்தான் சொல்லுதேன். ஒங்க கையில மாவு. லோடு எறக்குத பிரபின் கையில மூட்டை. ரத்னாபாய் அக்கா கையில ஒங்க மகளுக்க சடை. கேக்கவன் எவனுக்கும் கை ஒழிவில்லை. இதை எந்தக் கம்ப்யூட்டர்ல காட்ட?"

மகள் ஸ்ரீலட்சுமி எட்டாம் வகுப்பு. பள்ளிக்கூடத்து மலையாளம்தான் அவளுக்கு முதலில் வாயில் வரும். "அம்மே, அப்போ பின்னல் பாட்டு எப்போழா?" என்றாள்.

"ஏழரைக்கு மேல மக்கா."

"அய்யோ! எனிக்கு ஏழேகாலுக்கு ஸ்கூல் வண்டி வருமே."

"நாளைக்கு மணியைப் பாத்துக் கெளம்பிக்கோ. ரத்னாபாய் அக்காட்டயும் சொல்லிருக்கேன்."

அப்பாவும் அம்மாவும் விடியுமுன்னே போய்விடுகிற வீடு அது. மகளை எழுப்புவதும் குளிக்கச் சொல்வதும் வண்டிக்கு விரட்டுவதும் ரேடியோவில் வருகிற அம்மாதான். பக்கத்து வீட்டு ரத்னாபாய் வந்து தலை பின்னிவிட்டுப் போவாள், அதுவும் பாட்டைக் கேட்டுக்கொண்டு.

மாகாளிக்குப் பொறுக்கவில்லை. "நான் போயி அந்த அனூப்பைப் பாத்து ரெண்டு வார்த்தை கேட்டுட்டு வரட்டா?"

"வேண்டாம்" என்றாள் செல்வி. "நீங்க வந்து எனக்காவ நின்னுட்டா, பொறவு அங்க நான் ஒங்க பொண்டாட்டியாத்தான் இருப்பேன். செல்வியா இருக்க முடியாது. வேலைய விட்டுப் போனாலும் நானாவே போறேன்."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. நியாயம் இருந்ததால்தான் அவனுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

திங்கட்கிழமை மழையோடு விடிந்தது. விடிந்தது என்று சொல்வதுகூட ஒரு மரியாதைக்குத்தான். வானம் கரிச்சட்டி மாதிரி கவிந்து கிடந்தது, ஆறு மணியா ஏழு மணியா என்று சொல்ல முடியாத இருட்டு. செல்வி தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்தாள். தொடக்கத்திலேயே, "இன்னைக்கு நம்ம வெள்ளாப்புல வரிசை மாறுது, பாத்துக்கிடுங்க" என்று சொன்னாள். ஆனால் தொடக்கத்தில் பேசுவதை எவன் கேட்டான்? பிள்ளை ஹோட்டலில் அப்போது தேங்காய்ச் சட்னி மிஷின் அலறிக்கொண்டிருந்தது.

மிஷின் நின்றதும் முதலில் காதில் விழுந்தது 'பிறந்தநாள் பாயசம்' மெட்டு.

வன்னியராஜ் திடுக்கிட்டான். பாயசம் வந்துவிட்டதென்றால் எல்லாம் முடிந்துவிட்டதென்று அர்த்தம். பருப்பும் புளியும் இன்னும் ஒன்றை ஒன்று முறைத்துக்கொண்டிருந்த சாம்பாரை அவசரமாக இறக்கி வைத்தான். பிள்ளை மேஜையிலிருந்து துள்ளி எழுந்தார். "எட்டு மணியா ஆயிட்டு? எளவு, நான் உறங்கிட்டனா?" வெளியே பார்த்தார். மழை. அதில் என்ன தெரியும்? எட்டு மணிக்குத் திறக்கிற பாத்திரக்கடைக்காரர் எதிர்ப்பக்கத்தில் பாதி பல் தேய்த்த வாயோடு வந்து ஷட்டரைத் தூக்கினார்.

இதில் வேடிக்கை மாகாளிதான். அவனுக்கு மாற்றம் தெரியும். ராத்திரி முழுக்க அதையே நினைத்துக்கொண்டு படுத்திருந்தவன். ஆனால் மெட்டு காதில் விழுந்ததும் கை தன்பாட்டுக்குப் போய்த் தீயைக் குறைத்தது, தண்ணீரைக் கல்லில் கொட்டித் துடைப்பத்தால் தேய்த்தது. முழுக்கத் தேய்த்து முடித்த பிறகுதான் புத்தி வந்தது. கல் ஆறிக் கிடந்தது, வெளியே நாகர்கோவில் வண்டிக்காரர்கள் தோசைக்குக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"மாகாளி! நீருமா!" என்றான் வன்னியராஜ்.

"தெரியும்லே. எனக்குத் தெரியும். கைக்கு யாருலே சொல்லுதது?"

அதற்குப் பிறகு எதுவும் பிடி கிடைக்கவில்லை. சாயா குடிக்கிற 'எட்டு மணி' ஆகிவிட்டதென்று லோடு இறக்குகிறவர்கள் மூட்டைகளை லாரியிலேயே விட்டுவிட்டுச் சாயாவுக்கு வந்து உட்கார்ந்தார்கள். நாகர்கோவில்காரர்கள் 'வண்டி வந்தாச்சா' வரட்டும் என்று இரண்டாவது காப்பி சொன்னார்கள். ரேடியோவில் பாட்டுக்கு மேல் பாட்டாக ஓடியது. இவர்கள் காப்பியை ஆற்றிக்கொண்டிருக்க, பாசஞ்சர் இவர்கள் இல்லாமலே கிளம்பிப் போயிற்று. குழாயில் தண்ணீர் வழக்கமான நேரத்துக்கு வந்துவிட்டது. 'தண்ணி உண்டா?' என்று குரல் வராததால் சாலையில் ஒருத்தரும் மோட்டாரைத் தொடவில்லை, பிள்ளை உட்பட.

ஏழரைக்கு ஸ்ரீலட்சுமி குடையோடு ஹோட்டலுக்குள் வந்தாள். ஒரு பக்கம் சடை, ஒரு பக்கம் விரித்த தலை.

"அப்பா, வண்டி போயி."

"மணியப் பாக்கச் சொன்னால்லா அம்மை?"

"நான் பாத்தேன். ரத்னாபாய் அக்கா கேட்டாத்தானே? 'பாட்டு வரட்டு மோளே, பாட்டு வரட்டு'ன்னு ஒத்தைச் சடையோட இருத்திட்டாங்க."

மாகாளிக்குச் சிரிப்பு வந்தது. இந்த ஊர் முழுக்க அவள் குரலை நம்பிக் கைவேலை செய்கிறது. இன்றைக்கு இத்தனை பேர் தடுக்கி விழுந்ததும் அந்த நம்பிக்கையால்தான். அதை நினைக்க அவனுக்குப் பெருமையாக இருந்தது. இப்படி ஒருத்தியை எவனோ ஒருத்தன் கேட்பார் இல்லாதவள் என்கிறானே என்று ஆத்திரமாகவும் இருந்தது. மகளை ஓரமாக உட்காரவைத்து ஒரு தோசையைப் போட்டுக் கொடுத்தான்.

கூட்டத்தின் நடுவே வழக்கமாக வருகிற ஒரு சார் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தம்பானூர் லாட்ஜில் தங்கியிருப்பவர், ஒரு மாதமாக வருகிறார், மலையாளி. இரண்டு தோசையும் வடையும் சாம்பாரில் பிசைந்து தின்றுவிட்டு, இடது கையில் பையையும் ஈரக் குடையையும் பிடித்துக்கொண்டு கை கழுவப் போனார். குழாயைத் திருகினார். புஸ் என்று காற்று வந்தது. அடுத்த குழாயிலும் காற்றுதான்.

"வெள்ளமில்லே?" என்றார்.

"வெள்ளமா?" பிள்ளை வெடித்தார். "எப்படி சாரே இருக்கும்? ரேடியோல அந்தப் பிள்ளை இன்னும் தண்ணின்னு சொல்லேல்லல்லா! பொறந்தநாளை எடுத்து மொதல்ல வச்சா எவன் மோட்டாரைப் போடுவான்? எந்தப் படிச்ச மடையன் சொன்னானோ அதை மாத்தச் சொல்லி!"

சார் குழாயடியில் அப்படியே நின்றார். அந்த நேரம் பார்த்து அவர் சட்டைப்பையில் போன் அடித்தது. வலது கை மணிக்கட்டு வரை சாம்பார். இடது கையில் பையும் குடையும். கீழே வைக்கலாமென்றால் தரையெல்லாம் மழைச் சேறு. போன் விடாமல் அடித்தது.

"சேட்டா, இதொண்ணு எடுக்காமோ?" என்று பிள்ளையிடம் நெஞ்சைக் காட்டினார்.

பிள்ளை போனை எடுத்துத் தனக்குத் தெரிந்த ஒரே பொத்தானை அமுக்கினார். ஹோட்டலுக்கே கேட்டது.

"அனூப் சாரே! ரதீஷாணு. ஸ்டுடியோவில் ரெண்டு லைனும் ஜாம்! போன் நிக்குன்னில்லா சாரே!"

மாகாளியின் கையிலிருந்த தோசைத்திருப்பி நின்றது. அப்படியானால் இவர்தான் அவர். ஒரு மாதமாக இவருக்குத்தான் நெய் ஒரு கரண்டி கூடவே விட்டுக்கொண்டிருந்தான்.

தான் சொன்னது பலித்துவிட்டதென்று அனூப்பின் முகம் மலர்ந்துவிட்டது. "கண்டோ! ஞான் பறஞ்ஞதல்லே? ஆளுகள் எந்தா பறயுன்னது?"

மறுபக்கம் ரதீஷ் கொஞ்சம் தயங்கினான். "தெறியாணு சாரே, ஒரே திட்டு. எல்லாரும் வழக்கு பறயுன்னு. தண்ணி எவிடே, விலை எவிடேன்னு. ஒருத்தருக்கு ட்ரெயின் போயி. செல்வி சேச்சி ஓரோருத்தரோடும் மாப்பு சொல்லுன்னு."

வேலை நடக்கிற நாளில் ஒருத்தருக்கும் கை ஒழிவதில்லை. இன்று வேலை கெட்டுக் கை சும்மா இருந்தது, அதனால் அத்தனை பேரும் போன் செய்து திட்டினார்கள். அனூப் கேட்ட அழைப்பு அப்படியாகக் குவிந்துவிட்டது.

அவர் ஹோட்டலைச் சுற்றிப் பார்த்தார். காப்பி ஆறின நாகர்கோவில்காரர்கள், மூட்டை இறக்காத பிரபின், ஒற்றைச் சடையோடு ஒரு பெண்பிள்ளை, அடுப்புக்குத் திரும்பாமல் கிடந்த அரைவேக்காட்டுச் சாம்பார். எல்லாரும் அவரையே பார்த்தார்கள்.

"இத்றேயும் ஆளு கேக்குன்னுண்டெங்கில், எந்தே ஒரு நாளும் ஆரும் விளிக்காத்தது?" என்றார். குரலில் அதிகாரம் இல்லை. இத்தனை பேர் கேட்டும் ஏன் ஒரு நாளும் யாரும் கூப்பிடவில்லை என்று நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார்.

அவர் கேட்டுவிட்டுத் தன் வலது கையைப் பார்த்தார். விரலிடுக்கில் சாம்பார் காயத் தொடங்கியிருந்தது. பிறகு பிள்ளை கையிலிருந்த தன் போனைப் பார்த்தார்.

மாகாளி அடுப்படியில் எஞ்சியிருந்த குடத்திலிருந்து ஒரு செம்பு தண்ணீர் மொண்டு வந்தான். வாயில் எத்தனையோ வார்த்தை வந்தது. ஆனால் அவள் வேண்டாமென்று சொல்லியிருந்தாள். அவர் கையில் தண்ணீரை ஊற்றினான். அவர் கழுவி முடித்து, ஈரத்தைத் துடைக்காமலே போனை வாங்கினார்.

"ரதீஷே, பாட்டு நிறுத்து. செல்வியோடு பறா, ஆத்யம் தண்ணி. பின்னே வண்டி, விலை. அவர்க்கு இஷ்டமுள்ளபோலே செய்யட்டே. ஞான் இனி அதில் தொடுன்னில்லா."

அலமாரியில் பாடிக்கொண்டிருந்த பாட்டு பாதி வரியில் அறுந்தது. ஒரு கணம் சத்தமே இல்லை. அப்புறம் அவள் குரல் வந்தது.

"தண்ணி உண்டா? உண்டும்மா, உண்டு! ஆரியசாலைப் பக்கம் இன்னும் வருது. அட்டக்குளங்கரையில இப்பத்தான் வரத் தொடங்குது. போனைக் கீழ வச்சிட்டு மோட்டாரைப் போடுங்க எல்லாரும்!"

பிள்ளை ஓடினார். எதிர்க்கடைக்காரர் ஓடினார். மாடிக்கு மாடி, சந்துக்குச் சந்து மோட்டார்கள் ஒன்றன்பின் ஒன்றாக உறுமத் தொடங்கி, மழைச் சத்தம் கேட்காமல் போயிற்று. பிரபினும் கூட்டாளிகளும் துண்டைத் தலையில் சும்மாடு கட்டிக்கொண்டு லாரிக்குப் போனார்கள். வன்னியராஜ் சாம்பாரைத் தூக்கி மறுபடி அடுப்பில் வைத்தான்.

அனூப் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வாசலில் நின்றார். பிறகு மாகாளியிடம் திரும்பினார். "சேட்டனு செல்வியெ அறியுமோ?"

"தெரியாம என்ன சார்? எம் பொண்டாட்டில்லா" என்றான் மாகாளி.

சத்தமாகத்தான் சொன்னான். கடைசி மேஜை வரைக்கும் கேட்டது. சிபாரிசுக்குச் சொல்லவில்லை, எல்லாம் முடிவான பிறகு சொன்னான். வாழ்க்கையில் அவன் எத்தனையோ இடத்தில் தன் பெயரைச் சொல்லியிருக்கிறான், ஊரைச் சொல்லியிருக்கிறான், தொழிலைச் சொல்லியிருக்கிறான். எதைச் சொல்லும்போதும் நெஞ்சு இப்படி நிமிர்ந்ததில்லை.

செவ்வாய்க்கிழமை பழைய வரிசைப்படி வெள்ளாப்பு நடந்தது. மூட்டை நேரத்துக்கு இறங்கியது, பாசஞ்சர் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு போயிற்று, ஸ்ரீலட்சுமி ரெட்டைச் சடையோடு வண்டி ஏறினாள். மத்தியானம் செல்வி வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே மாகாளி கேட்டான்.

"இன்னைக்கு எத்தனை போன் வந்துது?"

"ஒண்ணுகூட வரல்லங்க" என்றாள் செல்வி. "அனூப் சார் பக்கத்துலயே உக்காந்திருந்தாரு. எட்டு மணி வரைக்கும் போனையே பாத்துக்கிட்டு இருந்தாரு. கடைசியில எந்திரிச்சு எனக்குக் கை குடுத்தாரு."